மசாஜ் மெனுவில் ஆறு பெயர்: என் கழுத்து வலிக்கு எது சரி?

கேள்வி: எனக்கு வயது 41. திருப்பூரில் பனியன் கம்பெனியில் பதினாறு வருடமாக டெய்லர் வேலை. ஓவர்லாக், பவர் டேபிள் இரண்டிலும் உட்காருவேன். ஆர்டர் நெருக்கும்போது ஒன்றரை ஷிப்ட். ஒரு வருடமாகக் கழுத்திலிருந்து வலது தோள்பட்டை வரை ஒரே பாரம், வலி. கொஞ்ச நாளாக இரவில் வலது கை மரத்துப் போய்த் தூக்கமும் கலைகிறது. எங்கள் ஏரியாவில் புதிதாக ஒரு மசாஜ் சென்டர் திறந்திருக்கிறார்கள். மெனு கார்டில் ஸ்வீடிஷ், டீப் டிஷ்யூ, தாய், அரோமா, அப்யங்கம், கிழி என்று ஆறு வகை இருக்கிறது. எது நல்லது என்று கேட்டால், எல்லாமே உடம்பிலுள்ள கழிவை வெளியேற்றும் என்கிறார்கள். நாகர்கோவிலில் இருக்கும் நாத்தனார், வர்ம ஆசானிடம் போகலாம் வா என்கிறார். வீட்டுக்காரர் எல்லாமே தண்டச் செலவு என்கிறார். நான் எதற்குப் போவது? இன்னொன்று: மாமியாருக்கு 68 வயது, சர்க்கரை உண்டு. முட்டி மாற்று ஆபரேஷன் ஆகி ஒரு மாதம் ஆகிறது. நாலு நாளாக இடது கெண்டைக்கால் வீங்கி வலிக்கிறது. தைலம் போட்டு உருவி விட ஒரு அம்மாவை வரச் சொல்லியிருக்கிறோம். என்ன எண்ணெய் வாங்கலாம்?
— வாசகி, திருப்பூர்

பதில்: சகோதரி, உங்கள் கடைசிக் கேள்விக்குத்தான் முதலில் பதில். மாமியாருக்கு எந்த எண்ணெயும் வாங்க வேண்டாம். அந்த அம்மாவையும் வர வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். கடிதத்தைப் படித்த அன்றே ஆசிரியர் குழுவிடம் சொல்லி உங்களுக்குப் போன் போடச் சொன்னேன். இதே நிலையில் வேறு வீடுகளும் இருக்கும் என்பதால் இங்கேயும் எழுதுகிறேன்.

முட்டி மாற்று ஆபரேஷன் முடிந்த முதல் சில வாரங்களில் ஒரு கால் மட்டும் வீங்கி, கெண்டைச்சதை வலித்து, தொட்டால் சூடாக இருந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது ஆழ்சிரை ரத்த உறைவை. காலுக்குள் ஆழத்தில் ஓடும் சிரையில் ரத்தம் கட்டியாக உறைந்து நிற்பது இது. அதன் மேல் எண்ணெய் போட்டு அழுத்தி உருவினால் அந்தக் கட்டி பெயர்ந்து, ரத்தத்தோடு போய் நுரையீரலில் அடைத்துக்கொள்ளலாம். உயிருக்கே ஆபத்து. ஆபரேஷன் செய்த டாக்டரிடம் அன்றைக்கே காட்ட வேண்டும். காலில் ரத்த ஓட்டத்தைப் பார்க்கும் டாப்ளர் ஸ்கேன் எடுத்தால் பெரும்பாலும் தெரிந்துவிடும். இடையில் மூச்சு வாங்கினாலோ, நெஞ்சு வலித்தாலோ, இருமலில் ரத்தம் வந்தாலோ ஸ்கேனுக்குக் காத்திருக்கக் கூடாது, நேராக அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போக வேண்டும். ஆபரேஷனுக்கு மட்டும் இல்லை. பல வாரம் படுக்கையில் கிடந்தவர், கால் எலும்பு முறிந்து மாவுக்கட்டு போட்டவர், பிரசவமாகி சில வாரமே ஆனவர் எல்லோருக்கும் இதே எச்சரிக்கைதான். நம் ஊரில் கால் வீங்கினால் கை தானாகத் தைல பாட்டிலைத் தேடும் என்பதால் இவ்வளவு நீட்டிச் சொல்கிறேன்.

ஸ்கேனில் ஒன்றும் இல்லை என்று தெரிந்தாலும் சர்க்கரை இருப்பவர் என்பதை மறக்கக் கூடாது. பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்களுக்குச் சூடு எவ்வளவு என்று தெரியாது. கிழியும் வெந்நீர்ப் பையும் மணல் ஒத்தடமும் அவர்களுக்குக் கொப்புளத்தில் போய் முடிந்து, அந்தப் புண் ஆறுவதற்கு மாதக்கணக்கு ஆகும். இப்போது அவருக்கு வேண்டியது முட்டியை மடக்கி நீட்டும் பயிற்சியும், கணுக்காலை மேலும் கீழும் ஆட்டும் பயிற்சியும்தான். வெளியே கூட்டிப்போக முடியவில்லை என்றால் அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் 2021 முதல் பிசியோதெரபிஸ்ட்கள் வீட்டுக்கே வருகிறார்கள்.

சரி, இப்போது உங்கள் விஷயம். மெனு கார்டைக் கொஞ்சம் ஓரமாக வையுங்கள். நீங்கள் ஒரே மூச்சில் எழுதியிருந்தாலும் உங்களுக்கு இருப்பது இரண்டு தொந்தரவு என்று நினைக்கிறேன்.

முதலில் கை. இன்றிரவு மரத்துப் போய் விழித்தால் லைட்டைப் போட்டு எந்தெந்த விரல் என்று பாருங்கள். கட்டை விரல், ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரலில் பாதி மரத்து, சுண்டு விரல் மட்டும் தப்பித்திருக்கிறதா? கையை நாலு உதறு உதறினால் சரியாகிறதா? அப்படியானால் மணிக்கட்டில் நரம்பு நெருக்கப்படும் கார்ப்பல் டனல் தொந்தரவாக இருக்க நிறைய வாய்ப்பு உண்டு. வருடக்கணக்காகத் துணியை இழுத்து ஊசிக்குக் கீழே தள்ளிக் கொடுக்கும் கைக்கு இது வருவது சகஜம். தைராய்டும் சர்க்கரையும் கூட இதைக் கொண்டு வரும், இரண்டையும் பரிசோதித்துவிடுங்கள். இதற்குக் கழுத்தை எவ்வளவு அமுக்கினாலும் பலன் இருக்காது. இரவில் மணிக்கட்டை மடங்க விடாமல் நேராக வைக்கும் பட்டை போட்டுப் படுத்தாலே பலருக்குப் பாதிக்கு மேல் குறைகிறது. குறையவில்லை என்றால் நரம்புக் கடத்தல் பரிசோதனைக்கு எழுதிக் கொடுப்பார்கள்.

அப்படி இல்லாமல், கழுத்தைத் திருப்பும்போது கரண்ட் அடிப்பது போல முழங்கை தாண்டி வலி இறங்கினாலோ, கத்தரிக்கோல் கையிலிருந்து நழுவினாலோ, நடையில் தள்ளாட்டம் தெரிந்தாலோ கழுத்து எலும்பிலேயே நரம்பு அழுந்துகிறதோ என்று சந்தேகப்பட வேண்டும். அப்போதும் மசாஜ் கிடையாது. முதலில் டாக்டர்.

இந்த இரண்டும் இல்லாமல் மிச்சமிருக்கும் அந்தப் பாரம் இருக்கிறதே, அதுதான் மசாஜுக்கு உரிய வலி. இடது கையை எடுத்து வலது தோளில், கழுத்துக்கும் தோள் முனைக்கும் நடுவில் வையுங்கள். அந்தச் சதையைக் கிள்ளுவது போலப் பிடித்து விரலால் உருட்டிப் பாருங்கள். கயிறு போல ஒன்று தட்டுப்படும். அதில் ஓர் இடத்தை அழுத்தினால் வலி காதுக்குப் பின்னால் ஏறி நெற்றிப் பொட்டு வரை போகும். பவர் டேபிளில் உட்காரும் பத்துப் பேரின் தோளைத் தொட்டால் அதிகம் பேருக்கு இது இருக்கும். ஊசி முனையைப் பார்க்கத் தலை முன்னால் போகிறது. நாலைந்து கிலோ எடையுள்ள தலையை விழாமல் இழுத்துப் பிடித்துக்கொண்டிருப்பது இந்தத் தசைதான். ஒரு ஷிப்ட் முழுக்க அதற்கு ஓய்வே இல்லை. இந்த இடங்களுக்கு டிரிகர் பாயிண்ட் என்று பெயர். எந்தத் தசையை அழுத்தினால் வலி எங்கே போய்த் தெரிகிறது என்று வரைபடம் போட்டு வைத்தவர் ஜேனட் டிராவல், அமெரிக்க அதிபர் கென்னடியின் மருத்துவராக வெள்ளை மாளிகையில் இருந்தவர்.

இனி மெனு கார்டு. ஸ்வீடிஷ் என்பதில் எண்ணெய் போட்டு நீவுவார்கள், பிசைவார்கள், தேய்ப்பார்கள், தட்டுவார்கள், அதிர விடுவார்கள். பெயரில் ஸ்வீடன் இருந்தாலும் இந்த அசைவுகளை வகைப்படுத்தியவர் என்று சொல்லப்படுபவர் யோஹான் மெஸ்கர் என்ற டச்சு மருத்துவர், 19-ஆம் நூற்றாண்டுக்காரர். பிசியோதெரபி படிப்பில் நாங்கள் கற்றதும் கிட்டத்தட்ட இதேதான். இதுவரை மசாஜே செய்து பார்க்காதவர்கள் இதில் ஆரம்பிக்கலாம். உடம்பு தளரும், தூக்கம் வரும், அதிக ஆபத்து இல்லை.

டீப் டிஷ்யூவில் எண்ணெய் குறைவு, வேகமும் குறைவு. முழங்கை, கை முட்டி, கட்டை விரல் கொண்டு ஒரே இடத்தில் மெதுவாக ஆழமாக இறங்குவார்கள். உங்கள் தோளில் இருக்கும் அந்தக் கயிற்றுக்கு இது ஒத்துவரும், ஆனால் அளவோடு. வலிக்க வலிக்க அமுக்கினால்தான் வேலை நடக்கிறது என்று நம் ஊரில் ஒரு நம்பிக்கை. கேட்பவரும் அப்படித்தான் கேட்கிறார், செய்பவரும் அதற்கு மயங்கிவிடுகிறார். தாங்கவே முடியாத வலியைப் பத்து என்று வைத்தால் ஐந்து, ஆறைத் தாண்ட விடாதீர்கள். பல்லைக் கடித்துக்கொண்டு படுத்திருந்தால் தசை இன்னும் இறுகத்தான் செய்யும். மறுநாள் லேசாக வலிப்பது சரி, கன்றிப்போய் நீலம் பாரித்தால் அழுத்தம் அதிகம். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர்களும் எலும்பு மெலிந்து பலவீனமான வயதானவர்களும் இதன் பக்கமே போகக் கூடாது.

தாய் மசாஜில் எண்ணெய் கிடையாது. தளர்வான உடையோடு தரையில் மெத்தை போட்டு, கை கால்களை இழுத்து மடக்கி வளைப்பார்கள். பாங்காக்கின் வாட் போ கோயில் இதற்குப் பேர் போனது. 2019-இல் யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலிலும் சேர்ந்தது. உடம்பு இறுகியவர்களுக்கு நல்ல இழுவை கிடைக்கும். ஆனால் டிஸ்க் தொந்தரவு இருப்பவர்களுக்கு வேண்டாம். உங்களுக்குக் கை மரத்துப்போவதற்குக் காரணம் தெரியும்வரை கழுத்தை இழுத்து வளைக்கும் எதுவும் வேண்டாம்.

அரோமா என்பது பெரும்பாலும் ஸ்வீடிஷ்தான், எண்ணெயில் வாசனை சேர்கிறது, பில்லில் தொகை ஏறுகிறது. லாவெண்டர் வாசனை பிடித்தால் எடுங்கள். தோல் சீக்கிரம் அரிக்கும் ஆள் என்றால் முழங்கை மடிப்பில் ஒரு சொட்டு தடவி ஒரு நாள் பார்த்துவிட்டு எடுங்கள்.

அப்யங்கமும் கிழியும் ஆயுர்வேதம், அதுவும் கேரளத்தில் ஊறியவை. உடம்பு முழுக்க வெதுவெதுப்பான தைலம், பல இடங்களில் இருபுறமும் இரண்டு பேர் நின்று ஒரே தாளத்தில் தேய்ப்பார்கள், அப்புறம் ஆவிக் குளியல். இலைக்கிழியில் நொச்சி, எருக்கு போன்ற இலைகளை வதக்கித் துணியில் முடிந்து, சூடாக எண்ணெயில் தொட்டு ஒற்றி எடுப்பார்கள். சூடு படுவதே இறுகிய தசைக்குப் பாதி மருந்து. இருதயத் தொந்தரவு இருப்பவர்களும் ரத்த அழுத்தம் கட்டுக்குள் வராதவர்களும் ஆவிப் பெட்டிக்குள் உட்காரும் முன் டாக்டரைக் கேட்க வேண்டும். காய்ச்சல் இருக்கும்போது எதுவுமே வேண்டாம். மெனுவில் கிழி என்று இருந்தால் அங்கே ஆயுர்வேத மருத்துவர் இருக்கிறாரா என்று கேளுங்கள். இல்லை என்றால் அது வெறும் சூடான மூட்டை.

ஆறில் எது சிறந்தது என்று நீங்கள் கேட்பது புரிகிறது. சியாட்டிலைச் சேர்ந்த ஆய்வாளர்கள் நாள்பட்ட முதுகு வலிக்காரர்கள் 401 பேரை வைத்துச் செய்த ஆய்வு 2011-இல் வெளிவந்தது. ஒரு குழுவுக்கு வலிக்குக் காரணமான தசைகளைத் தேடிப்பிடித்துச் செய்யும் மசாஜ், இன்னொரு குழுவுக்குச் சும்மா உடம்பைத் தளர்த்தும் மசாஜ், மூன்றாவது குழுவுக்கு வழக்கமான வைத்தியம். வாரம் ஒரு மணி நேரம், பத்து வாரம். மசாஜ் செய்துகொண்ட இரண்டு குழுவுமே மூன்றாவது குழுவை விட நன்றாகத் தேறின, ஆனால் அவை இரண்டுக்கும் நடுவே சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் இல்லை. அந்தப் பலன் ஆறு மாதம் வரை நின்றது, ஒரு வருடத்தில் பெரும்பாலும் கரைந்துவிட்டது. பெயரைப் பார்த்துக் கூடுதல் காசு கொடுக்கத் தேவையில்லை என்று நான் சொல்வது இதனால்தான்.

பெயரை விட நேரம் முக்கியம். கழுத்து வலிக்காரர்கள் 228 பேரை வைத்து அதே ஊரில் செய்த ஆய்வு 2014-இல் வந்தது. அரை மணி நேர மசாஜ் செய்துகொண்டவர்களுக்குச் சும்மா காத்திருந்தவர்களை விடப் பெரிய லாபம் இல்லை. ஒரு மணி நேரம் வீதம் வாரத்துக்கு இரண்டு மூன்று முறை, நாலு வாரம் செய்தவர்களுக்குத்தான் வலி நன்றாகக் குறைந்தது. ஆக, தீபாவளி போனஸ் வந்ததும் ஒரு நாள் போய்ப் படுத்துவிட்டு வருவது சுகமாக இருக்கும், ஆனால் அது வைத்தியக் கணக்கில் வராது.

கழிவு வெளியேறும் என்ற பேச்சையும் முடித்துவிடுகிறேன். வெளியேறாது. உடம்பின் கழிவைக் கல்லீரலும் சிறுநீரகமும் பார்த்துக்கொள்கின்றன, அதற்குத் தோள்பட்டையைப் பிசைய வேண்டியதில்லை. வேலை செய்த தசையில் சேரும் லாக்டிக் அமிலம் ஒன்றிரண்டு மணி நேரத்தில் தானாகவே போய்விடும். அப்படியானால் மசாஜ் செய்வதுதான் என்ன? தோலிலும் தசையிலும் படும் அழுத்தம் நரம்பு வழியே தண்டுவடத்துக்குப் போய், வலிச் செய்தி மேலே ஏறுவதைக் கொஞ்சம் மறிக்கிறது. அடிபட்ட இடத்தை நாம் உடனே தேய்த்துவிடுகிறோமே, அதேதான். மெல்சாக், வால் என்ற இருவர் 1965-இல் இதற்கு விளக்கம் கொடுத்தார்கள். கூடவே படபடப்பு அடங்குகிறது, தூக்கம் நன்றாக வருகிறது, தசை சில மணி நேரம் தளர்ந்து கழுத்து முன்னை விடத் தாராளமாகத் திரும்புகிறது. சில மணி நேரம் என்பதைக் கவனியுங்கள், அதைப் பிறகு சொல்கிறேன்.

நாத்தனார் சொல்வதை ஒதுக்க வேண்டாம். நம் சித்த மருத்துவத்தின் 32 புற மருந்து முறைகளில், உடம்பைப் பிடித்துவிடும் தொக்கணமும் ஒன்று. தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், கைகட்டல், அழுத்தல், இழுத்தல், மல்லாத்தல், அசைத்தல் என்று அதில் ஒன்பது வகை. மேலே ஸ்வீடிஷில் சொன்னதோடு ஒப்பிட்டுப் பாருங்கள், பாதி அதிலேயே வந்துவிடும். உளுந்து தைலம், கற்பூராதி தைலம் என்று நோய்க்கு ஏற்ற எண்ணெயும் உண்டு. வர்மம் இதிலிருந்து வேறுபட்டது. கன்னியாகுமரிப் பக்கம் அடிமுறை என்ற தற்காப்புக் கலையோடும் சிலம்பத்தோடும் சேர்ந்தே வளர்ந்த கலை. 12 படுவர்மம், 96 தொடுவர்மம், ஆக உடம்பில் 108 வர்ம இடங்கள் என்பது அவர்கள் கணக்கு. கைதேர்ந்த ஆசான் விரலை வைத்து, மாத்திரை என்று அவர்கள் சொல்லும் அழுத்த அளவுக் கணக்கில் அழுத்தி எடுப்பார், நீங்கள் எதிர்பார்ப்பதை விட லேசாகத்தான் இருக்கும். நாகர்கோவில் வரை போகாமலே, உங்கள் மாவட்ட அரசு மருத்துவமனையின் சித்தா பிரிவில் பட்டம் பெற்ற மருத்துவரிடம் முதலில் காட்டலாம். சென்னைப் பக்கம் இருப்பவர்களுக்குத் தாம்பரம் சானடோரியத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் இருக்கிறது, தென் மாவட்டத்துக்காரர்களுக்குப் பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரி.

எங்கே போனாலும் ஒன்றை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். தலையை இரண்டு கையால் பிடித்து வெடுக்கென்று திருப்பிச் சொடக்கு எடுக்க யாரையும் அனுமதிக்காதீர்கள். சலூனில் முடி வெட்டி முடித்ததும் இனாமாகச் செய்வதும் இதில் சேரும், வீட்டுக்காரரிடமும் சொல்லி வையுங்கள். மூளைக்குப் போகும் இரண்டு ரத்தக் குழாய்கள் கழுத்தெலும்புகளின் துளைகள் வழியாகவே ஏறுகின்றன. வெடுக்கென்ற திருப்பலில் அவற்றின் உள்சுவர் கிழிந்து பக்கவாதம் வந்தவர்கள் உண்டு. அபூர்வம்தான், ஆனால் ஒரு சத்தத்துக்காக ஏற்க வேண்டிய ஆபத்தா அது?

வீக்கம் பற்றி இன்னும் ஒரு வார்த்தை. மார்பகப் புற்றுநோய் ஆபரேஷனுக்குப் பிறகு கை வீங்குபவர்களுக்கு நிணநீர் வடிப்பு மசாஜ் என்று தனியாக ஒன்று உண்டு. டென்மார்க்கைச் சேர்ந்த எமில் வோடர் 1930-களில் உருவாக்கியது. தோலை மட்டும் லேசாக நகர்த்தும் தொடுகை, பார்ப்பவர்களுக்கு ஒன்றுமே செய்யாதது போலத் தெரியும். அழுத்தக் கட்டும் பயிற்சியும் சேர்ந்தால்தான் அதற்குப் பலன், பயிற்சி பெற்ற பிசியோதெரபிஸ்ட்தான் செய்ய வேண்டும். வீக்கம் என்ற ஒரே சொல்லுக்குள் இவ்வளவு வேறுபாடு இருப்பதால்தான் உருவி விடுபவரை முதலில் கூப்பிடாதீர்கள் என்கிறேன்.

இப்போது அந்தச் சில மணி நேரத்துக்கு வருவோம். தசை தளர்ந்திருக்கும் நேரத்தில் நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்பதில்தான் உங்கள் காசு வீணா இல்லையா என்பது இருக்கிறது. மசாஜ் முடிந்து மறுநாள் அதே முதுகு சாயாத ஸ்டூலில், அதே உயரத்தில், அதே குனிவில் உட்கார்ந்தால் கயிறு திரும்ப முறுக்கேறிவிடும். மேஜையைப் பாருங்கள்: துணியைத் தள்ளும்போது முழங்கை மேஜை மட்டத்துக்கு வர வேண்டும், தோள் காதை நோக்கி ஏறக் கூடாது. ஸ்டூல் தாழ்வாக இருந்தால் வெட்டுத் துணியை அடுக்கித் தைத்து ஒரு திண்டு போடுங்கள், உங்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. ஊசி மேல் வெளிச்சம் போதாமல் குனிகிறீர்கள் என்றால் சூப்பர்வைசரிடம் கேட்டு மிஷினில் ஒரு சின்ன லைட் மாட்டச் சொல்லுங்கள். நாற்பது வயதாகிவிட்டது, கண்ணாடி போட வேண்டியதாகவும் இருக்கலாம். தோள் வலி என்று வருபவர்களில் கண்ணைப் பரிசோதிக்காதவர்கள் எத்தனையோ பேர்.

பண்டல் மாறும் ஒவ்வொரு முறையும் அரை நிமிடம் போதும். பார்வை நேராக இருக்க, முகவாயைக் குனியாமல் பின்னால் இழுத்து ஐந்து எண்ணி விடுங்கள். இரண்டு தோள்பட்டை எலும்புகளையும் முதுகுப் பக்கம் ஒன்றோடொன்று நெருக்கி ஐந்து எண்ணி விடுங்கள். இரண்டையும் ஐந்தைந்து முறை. டீ டைமில் கதவு நிலையில் இரண்டு கையையும் வைத்து மார்பை முன்னால் சாய்த்து இழுங்கள். வீட்டுக்கு வந்து படுத்ததும் பெண்ணையோ பையனையோ அந்தத் தோளைப் பத்து நிமிடம் பிடித்து விடச் சொல்லுங்கள், தேங்காய் எண்ணெய் போதும். ஆளில்லை என்றால் ஒரு டென்னிஸ் பந்தைச் சுவருக்கும் முதுகுக்கும் நடுவில் வைத்து, வலிக்கும் இடத்தில் சாய்ந்து மெதுவாக உருட்டுங்கள். முதுகெலும்பின் மேலேயே வைக்கக் கூடாது, பக்கத்துச் சதையில்.

காசு விஷயத்தில் வீட்டுக்காரர் சொல்வதில் பாதி நியாயம். சம்பளத்தில் ஈ.எஸ்.ஐ. பிடிக்கிறார்களா என்று பாருங்கள். பிடித்தால் டாக்டர், நரம்புப் பரிசோதனை, பிசியோதெரபி எல்லாவற்றுக்கும் முதலில் அங்கே போங்கள். அதற்கு மேல் சென்டரில் மசாஜ் செய்துகொள்ள ஆசைப்பட்டால் தாராளமாகப் போங்கள், ஸ்வீடிஷோ லேசான டீப் டிஷ்யூவோ, ஒரு மணி நேரம், கழுத்து தோள் முதுகு மட்டும். பெண் தெரபிஸ்ட் வேண்டும் என்று கேட்பது உங்கள் உரிமை. கழுத்து தோளுக்கு மேல்துணி மட்டும் தளர்த்தினால் போதும், மற்ற இடமெல்லாம் மூடியிருக்க வேண்டும். கை மரத்துப்போவதைச் சொன்ன பிறகும் எதுவும் விசாரிக்காமல் படுக்கச் சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். பத்து மசாஜுக்குப் பணம் கட்டினால் இரண்டு இலவசம் என்று பேக்கேஜ் நீட்டுவார்கள், வாங்காதீர்கள். ஒவ்வொரு தடவையும் தனித்தனியாகக் கொடுங்கள். நாலு தடவை ஆன பிறகும் வலப்பக்கம் திரும்பிப் பக்கத்து மிஷின்காரரைப் பார்க்க முடியவில்லை என்றால் ஐந்தாவது தடவைக்குப் போகாமல் பிசியோதெரபிஸ்டிடம் காட்டுங்கள்.